ஏழாம் வட்டாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை

பிப்ரவரி 9

டேய் தம்பி,

பயப்படாதே, யாருக்கும் ஒண்ணும் ஆகல. என் கையெழுத்தைக் கவர் மேல பார்த்ததுமே நீ வேர்த்து விறுவிறுத்துப் போயிருப்பே, அதான் முதல் வரியிலயே சொல்லிட்டேன். ஃபோன்ல பேசாம எதுக்கு லெட்டர்னு கேப்பே. என் ஃபோன்லேர்ந்து உன் நம்பரைத் தூக்கிட்டேன்டா. போன மாசம் ஃபோன்ல நாம போட்ட சண்டையில, கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவங்க எந்திரிச்சே போயிட்டாங்க. எழுதினா ஒரு வசதி, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்க வாயைத் திறக்க முடியாது.

எனக்கு இன்னும் ஆறலடா. உன் பொண்ணுக்கு நான் இருக்குற ஊர்லயே வேலை கெடைக்குது. எனக்குக் கூடப்பொறந்தவன்னு இருக்குறது நீ ஒருத்தன், உனக்குன்னு இருக்குறது அவ ஒருத்தி. கடைக்கு மேல இருக்குற மாடி ரூமைக் காலி பண்ணி, வெள்ளையடிச்சு, திரைச்சீலை தெச்சு மாட்டி நான் காத்துட்டு இருந்தா, நீ அவளைக் கொண்டுபோய் லேடீஸ் ஹாஸ்டல்ல சேர்க்குறே. கேட்டா, "உங்க மூணாம் வட்டாரம் பட்டியல்ல முதல்ல இருக்கு அக்கா"ங்குறே. குற்றப் பட்டியலாம். திருட்டு, வழிப்பறி, அடிதடி எல்லாத்துலயும் இந்த ஊருக்கே நாங்கதான் முதலாம். ஹாஸ்டல் இருக்குற ஏழாம் வட்டாரம் கடைசியாம், சுத்தத் தங்கமாம். நான் இத்தனை வருஷமா இங்கதானே கண்ணு டெஸ்ட் பண்ணிக் கண்ணாடி வித்துட்டு, தனியாளா ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு மேல போய்ப் படுக்குறேன்? என்னை என்ன யாராவது தூக்கிட்டா போயிட்டாங்க?

உன் பொண்ணு வாலு ஞாயித்துக்கிழமை வந்தா. இளைச்சுப் போயிருக்கா. லேப்ல நாள் பூரா நின்னுக்கிட்டே வேலையாம். மாடி ரூமை எட்டிப் பார்த்துட்டு, "அத்தை, ஜன்னல் வழியா தெருவே தெரியுது"ன்னா. இங்கயே வந்துடுன்னு நான் சொல்லல. சொன்னா உன்கிட்ட வந்து சொல்லுவா, நீ திரும்பவும் பட்டியலைத் தூக்கிட்டு வருவே.

அக்கா

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சுது. முதல் வரிக்கு நன்றி. நீ சொன்ன மாதிரியே பயந்து, ஆபீஸ் வாசல்லயே நின்னு கவரைக் கிழிச்சேன்.

நான் உன்னை அவமானப்படுத்தல. நான் பார்த்தது எண்களை மட்டும்தான். புள்ளிவிவர ஆபீஸ்ல உக்கார்ந்து எல்லா ஊரோட குற்றக் கணக்கையும் தொகுக்குறவன், தன் பொண்ணுக்கு எடம் பார்க்கும்போது மட்டும் அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுட முடியுமா? அப்படிப் போட்டா அப்புறம் எனக்கு என்ன வேலை?

ஆனா ஒண்ணு. போலீஸ் குடுக்குற எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கிட்டு நம்புறவன் நான் இல்லன்னு மத்தவங்களை விட உனக்குத்தான் நல்லாத் தெரியும். நீ வாலுங்குற என் பாப்பாவோட அம்மா எப்படிப் போனா? பைக்ல வந்தவன் கைப்பையை இழுத்தான், அவ விடல, விழுந்தா. அதை சாலை விபத்துன்னு எழுதினாங்க. அந்த வருஷம் எங்க ஊர்ல வழிப்பறி குறைஞ்சிருக்குன்னு ஒரு பட்டியல் வந்துச்சு. அதை டைப் பண்ணதே நான்தான், அக்கா.

அதுக்கப்புறம்தான் சர்வே வேணும்னு மேலதிகாரிங்க கால்ல விழாத குறையா கெஞ்சினேன். ஸ்டேஷனுக்குப் போகாதவங்களும் வீட்டுல வெச்சுக் கேட்டா சொல்லுவாங்க. எங்க ஆளுங்க கதவைத் தட்டி, உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நேரடியா கேப்பாங்க. அடுத்த மாசம் உங்க ஊர்லயும் நடக்கப்போகுது. போலீஸ் கணக்கும் சர்வேயும் ஒரே மாதிரி சொன்னா, அப்போ நீ ஒத்துக்குவியா? மூணாம் வட்டாரம் நல்லா இருக்குன்னு வந்தா நானே அவளைப் பெட்டி படுக்கையோட உன் மாடியில கொண்டு வந்து விடுறேன்.

அவ ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஃபோன் பண்ணுவா. அது வர்ற வரைக்கும் நான் சாப்பிடுறதில்ல. என்னைத் திட்டாதே.

தம்பி

மார்ச் 2

தம்பி,

திட்டல. ஆனா நேரத்துக்குச் சாப்பிடு.

அவ அம்மாவைப் பத்தி நீ எழுதின பக்கத்தை மடிச்சுக் கல்லாப்பெட்டியில வெச்சிருக்கேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ நின்ன கோலம் எனக்கு மறக்காது. அதனால உன் பயத்தை நான் கேலி பண்ணல. உன் பட்டியலைத்தான் பண்றேன்.

எங்க வட்டாரம் ஏன் முதல்ல வந்துச்சு தெரியுமா? எங்க ஸ்டேஷனுக்குப் புதுசா ஒரு ரைட்டரம்மா வந்திருக்காங்க. புகார் எழுதுறதுதான் அவங்க வேலை, அதை அப்படியே செய்யுறாங்க, அவ்வளவுதான் விஷயம். முன்னாடி இருந்தவர், போனா "பார்க்கலாம்மா"ன்னு ஒரு கொட்டாவி விட்டு அனுப்பிடுவார். இந்தம்மா நாற்காலி போட்டு உக்கார வெச்சுக் கேக்குறாங்க. பக்கத்துச் சாவிக்கடைக்காரர் வாசல்ல வெச்சிருந்த பூந்தொட்டியைக் காணோம்னு சும்மா பேச்சுவாக்குல சொன்னார், அதையும் எழுதி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் விட்டாங்க. அந்தத் தொட்டிகூட உன் பட்டியல்ல திருட்டுன்னு உக்கார்ந்திருக்கும். என் கடைக் கண்ணாடியில கல் விட்டானே ஒருத்தன், அதுவும் இருக்கும். கெட்ட காரியம் திடீர்னு கூடிடலடா, சொல்லுறவங்க கூடிட்டாங்க.

இதை நான் அடிச்சுச் சொல்றேன்னு நெனைக்காதே. நிஜமாவே ரெண்டும் கூடியிருக்கலாம். பின்தெருவுல விளக்கு எரியுறதில்லங்குறதும் உண்மைதான்.

இன்னொண்ணு சொல்லணும். வாலு இப்போல்லாம் ஞாயிறு மட்டும் இல்ல, வேலை முடிஞ்சதும் இங்க வந்துடுறா. சாயங்காலமானா "அத்தை, பஸ் ஸ்டாப் வரைக்கும் வாயேன்"ங்குறா. போன வாரம் பஸ்ல ஏறி ஹாஸ்டல் வரைக்கும் நானே கூடப் போனேன். வாசல்ல பெரிய போர்டு மாட்டியிருக்காங்கடா, "அரசுப் புள்ளிவிவரப்படி நகரிலேயே மிகப் பாதுகாப்பான வட்டாரம்"னு. உன் எண்தான். நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. வாய் ஓயாம பேசுற பொண்ணு, அன்னிக்கு வழி பூரா திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே வந்தா. உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா தினமும் பேசுறா. நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், தூங்கப் போறேன்னு சொல்றா. சிரிச்சுத்தான் பேசுறா. புது ஊர், புது வேலை, திரும்பிப் பார்க்காம என்ன பண்ணுவா? நீ கண்கொத்திப் பாம்பா அவளைப் பார்க்காதே, அதுக்கே பயந்துடுவா.

ஒரு நல்ல செய்தி. வெளியில யார்கிட்டயும் சொல்லக்கூடாது, ஆனா உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல. ஏழாம் வட்டாரத்துல சர்வே முடிஞ்சுது. "கடந்த பன்னிரண்டு மாதங்களில் யாராவது உங்களைப் பின்தொடர்ந்தார்களா, உங்கள் பொருளைப் பறித்தார்களா, உங்கள் மேல் கை வைத்தார்களா?" இதுதான் கேள்வி. தெருத்தெருவா கேட்டிருக்காங்க. பாப்பா இருக்குற ஹாஸ்டல்லயும் கேட்டிருக்காங்க. அந்த ஹாஸ்டல்லேர்ந்து ஒரே ஒரு பொண்ணுகூட ஆமான்னு சொல்லல. பூஜ்யம். போலீஸ் கணக்குலயும் அந்தத் தெருவுக்குப் பூஜ்யம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு வழியில கேட்டும் ஒரே பதில். எங்க தொழில்ல இதுக்கு மேல ஒரு நிம்மதி கெடையாது.

பேர் வராது, ஆனா பாப்பாவையும் கேட்டிருப்பாங்க. அவ சொன்ன "இல்லை"யும் அதுல இருக்கு. அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு மனசு லேசான மாதிரி இருக்கு. ரொம்ப நாளைக்கப்புறம் நேத்து அவ ஃபோன் வர்றதுக்கு முன்னாடியே சாப்பிட்டேன்.

மாசக் கடைசியில ரிப்போர்ட் அச்சுக்குப் போகுது. மூணாம் வட்டாரம் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன், நீ கோவிச்சுக்குவே.

தம்பி

மார்ச் 20

தம்பி,

உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டதுல சந்தோஷம்.

வாலு இந்த வாரம் இங்கதான் படுக்குறா. தலைவலி, வேற ஒண்ணும் இல்ல. ஹாஸ்டல்ல சத்தம் ஜாஸ்தின்னா. நான்தான் இருந்துட்டுப் போன்னு சொன்னேன். இங்க நல்லாத் தூங்குறா. கவலைப்படாதே.

என் கடையில ஒண்ணு நடக்கும். வரிசையா உக்கார்ந்திருக்கும்போது முன்னாடி ஆள் எழுத்துகளைப் படிக்கிறதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிப்பாங்க. அப்புறம் அவங்க முறை வந்தா கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பாங்க. கண்ணே தெரியாது, ஆனா கண்ணாடி போட்டா, கூட வந்தவங்க என்ன நெனைப்பாங்களோன்னு பயம். கூட வந்தவங்களை வெளியில அனுப்பிட்டுக் கேட்டா அப்புறம் உண்மை வரும்.

ஒண்ணு கேக்கட்டுமா? உங்க ஆளுங்க ஹாஸ்டல்ல கேள்வி கேட்டப்போ பக்கத்துல யார் இருந்தா?

கடைக்கு ஆள் வந்துட்டாங்க. அப்புறம் எழுதுறேன்.

அக்கா

மார்ச் 24, விரைவுத் தபால்

அக்கா,

என்ன நடக்குது அங்க?

தலைவலிக்கு ஒரு வாரமா உன் வீட்டுல படுக்குறாளா? அந்த வாரம் பூரா ஃபோன்ல என்கிட்ட ஹாஸ்டல்ல இருக்கேன்னுதான் சொன்னா. வெள்ளிக்கிழமை அவ பேசும்போது பின்னாடி உன் கடைக் கதவு மணி அடிச்சுது. அந்த மணியை வாங்கிக் குடுத்தவனே நான், எனக்குத் தெரியாதா? ரேடியோப்பான்னு சொன்னா. அவ சின்னதுலேர்ந்து என்கிட்ட பொய் சொன்னதே இல்ல, அக்கா. அதான் அவ்வளவு கேவலமா சொல்றா.

உன் கடை நம்பருக்கு அடிச்சேன். எடுத்தே. நான் "அக்கா"ன்னதும் வெச்சுட்டே. மூச்சு விட்டது நீதான்.

ஆபீஸ்ல உக்கார்ந்தா எழுத்து எதுவும் கண்ணுல நிக்கல. அவ அம்மா விழுந்த அன்னிக்கும் இப்படித்தான் ஒருத்தர் ஃபோன்ல "ஒண்ணும் இல்ல சார், நீங்க கெளம்பி வாங்க"ன்னு சொன்னார். ஒண்ணும் இல்லன்னு யாராவது சொன்னாலே எனக்கு அந்தக் குரல்தான் கேக்குது. எதுவா இருந்தாலும் பூசி மெழுகாம எழுது. அவ நல்லா இருக்காளா? முழுசா இருக்காளா?

நீ பக்கத்துல யார் இருந்தான்னு கேட்டதை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருக்கேன். பதில் எனக்குத் தெரியும். ஆனா அதை நீ எதுக்குக் கேட்டே?

தம்பி

மார்ச் 27

தம்பி,

அவ நல்லா இருக்கா. முழுசா இருக்கா. என் எதிர்ல உக்கார்ந்து நான் எழுதுறதைப் பார்த்துட்டு இருக்கா. இதை முதல்ல எழுதச் சொன்னதே அவதான்.

ஃபோனை வெச்சதுக்கு என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. உன்கிட்ட சொல்லமாட்டேன்னு அவ என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கியிருந்தா. உன் குரலைக் கேட்டிருந்தா உளறியிருப்பேன். நேத்து உன் லெட்டரை அவகிட்ட குடுத்தேன். "முழுசா இருக்காளா"ங்குற எடத்துல நிறுத்திட்டு, "எழுதுங்க அத்தை"ன்னா.

ஹாஸ்டல் சேர்ந்து கொஞ்ச நாள்லயே ஒருத்தன் பின்னாடி வர ஆரம்பிச்சிருக்கான். சாம்பல் கலர் தொப்பி, நல்லா உடுத்தியிருப்பானாம். லேப் வாசல்லேர்ந்து பஸ், பஸ்லேர்ந்து ஹாஸ்டல். எதிர்ப்பக்கம் நின்னு அவ ஜன்னல்ல விளக்கு எரியுற வரைக்கும் பார்ப்பானாம். ஒரு நாள் சுரங்கப்பாதைப் படியில கையைப் பிடிச்சு இழுத்திருக்கான். இவ உதறிட்டு ஓடினதுல சட்டைக் கை கிழிஞ்சு, முழங்கால்ல அடி.

உன் பொண்ணு கோழை இல்லடா. அப்படியே நேரா ஏழாம் வட்டார ஸ்டேஷனுக்குப் போயிருக்கா. அங்க இருந்தவர் தண்ணி குடுத்தாராம், ரொம்ப மரியாதையாப் பேசினாராம். "எழுதினா நீதான்மா அலையணும், உங்கப்பாவுக்குத் தகவல் போகும், பேர் கெடும், அவன் சும்மா வேலை இல்லாதவன், வழியை மாத்திப் போ"ன்னு தேன் ஒழுகப் பேசி வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சிருக்கார். ஒரு வரி எழுதல. அதுதான் உன் போலீஸ் பூஜ்யம்.

ஹாஸ்டல் வார்டன்கிட்ட சொன்னா, "எங்க வாசல்ல அப்படியெல்லாம் நடக்காதும்மா"ன்னாளாம். போர்டு வேற மாட்டியாச்சே! அப்புறம்தான் உங்க சர்வேப் பொண்ணு வந்திருக்கா. வார்டனோட ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சு ஒவ்வொருத்தியா கூப்பிட்டிருக்காங்க. வார்டன் அந்த மேசையிலயே உக்கார்ந்து டீ ஊத்திக் குடுத்திருக்கா. பின்தொடர்ந்தார்களான்னு அந்த சர்வேப் பொண்ணு கேட்டிருக்கா. உன் பொண்ணு வார்டன் மூஞ்சியைப் பார்த்திருக்கா. "இல்லை"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டு வந்துட்டா. அவளுக்கு அடுத்து உள்ள போன பொண்ணும் அவனால பாதிக்கப்பட்டவதானாம். அவ சொன்னதும் இல்லைதான்.

நீ பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியா சாப்பிட்டேன்னு எழுதினியே, அதைப் படிச்சுட்டு அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. நான் அப்பவே எழுதியிருக்கணும். எழுதல.

போன வியாழக்கிழமை அவன் எங்க தெரு வரைக்கும் பஸ்ல வந்துட்டான். இவ கடைக்குள்ள ஓடி வந்து கவுண்டருக்குப் பின்னாடி உக்கார்ந்துட்டா. அவன் வெளியில நின்னு கண்ணாடி ஃப்ரேம் பார்க்குற மாதிரி பார்த்தான். எனக்கு எங்கேர்ந்து அந்தத் தொண்டை வந்துச்சோ தெரியல, கத்தின கத்துல சாவிக்கடைக்காரர் சுத்தியலோட வந்துட்டார். அவன் ஓடிட்டான். கையில மாட்டல. நாங்க நேரா ரைட்டரம்மாகிட்ட போனோம். மத்தியானம் பூரா உக்கார வெச்சுக் கேட்டாங்க, சுரங்கப்பாதையில நடந்ததையும் சேர்த்து. என்னை வெளியில உக்காரச் சொல்லிட்டாங்க. எனக்கு முதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் புரிஞ்சுது.

ஏன் உன்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். "அப்பா என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவார் அத்தை. இந்த வேலை போயிடும். அதோட அம்மாவை நெனச்சு அவர் தூங்கவே மாட்டார்"ன்னா. ரெண்டும் நெஜம்தானேடா?

அக்கா

அப்பா, சாரி. முழங்கால் ஆறிடுச்சு. நீங்க சாப்பிடுங்க.

ஏப்ரல் 2

அக்கா,

எழுதி எழுதிக் கிழிச்சுட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிடுறேன். பக்கத்துல வார்டன் இருந்தா. இருக்கணும்னு விதி. "விடுதிகளில் பேட்டியானது பொறுப்பாளரின் முன்னிலையில், அலுவலக அறையில் நடத்தப்பட வேண்டும்." அந்த வரியை எழுதினது நான். போன தடவை முன்னபின்ன தெரியாதவங்க பொண்ணுங்க ரூமுக்குள்ள போறாங்கன்னு ஹாஸ்டல்காரங்க சண்டைக்கு வந்தாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. என் பொண்ணு ஒரு ஹாஸ்டல்ல இருந்தா அவ ரூமுக்குள்ள யாரோ ஒருத்தர் நுழையுறதை நான் விடுவேனான்னு யோசிச்சு, பொண்ணுங்க பாதுகாப்புக்காகன்னு அந்த வரியைச் சேர்த்தேன். என் பொண்ணை நெனச்சுக்கிட்டேதான் எழுதினேன், அக்கா.

டைரக்டர்கிட்ட போய், ஏழாம் வட்டாரத்தை நிறுத்தி வைங்க, ஹாஸ்டல்களை மறுபடி கேக்கணும்னேன். அச்சுக்குப் போயாச்சுன்னார். பேட்டி விதிப்படிதானே நடந்திருக்குன்னார். ஒரு பொண்ணு ஏதோ சொன்னாங்குறதுக்காக இவ்வளவு பெரிய வேலையை நிறுத்த முடியுமா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னார். அந்தப் பொண்ணு என் பொண்ணுன்னு சொன்னேன். எந்திரிச்சு வந்து தோள்ல கை வெச்சார். ஆனா நிறுத்தல.

ஸ்டேஷன்ல எழுதாம விட்டாங்கன்னு இத்தனை வருஷமா ஊர்ல இருக்குற போலீஸையெல்லாம் சபிச்சேன். இப்போ யாரைச் சபிக்கிறது?

அடுத்த வாரம் ரயிலுக்கு டிக்கெட் வாங்கப் போறேன். நான் வர்றதுக்கு ஒண்ணு, திரும்பிப் போறதுக்கு அவளுக்கும் சேர்த்து ரெண்டு. வேலை போனா போகட்டும், வேற கெடைக்கும். அவன் இன்னும் வெளியில சுத்துறான். எனக்கு அவளைக் கண்ணால பார்க்கணும், பக்கத்துல வெச்சுக்கணும். தப்பா? சொல்லு. இந்தத் தடவை நீ சொல்றதைக் கேக்குறேன். இன்னிக்கே ஓடி வராம, ஒரு வாரம் தள்ளிப் போட்டு உன் பதிலுக்காகக் காத்திருக்கேன், அதுவே பெரிய விஷயம்.

தம்பி

ஏப்ரல் 5, விரைவுத் தபால்

தம்பி,

வா. வந்து கண்ணாரப் பாரு. ஆனா திரும்பிப் போறதுக்கு ஒரு டிக்கெட் மட்டும் எடு.

இப்போ நீ அவளைக் கூட்டிட்டுப் போனா, இனிமே அவ வாழ்க்கையில எது நடந்தாலும் உன்கிட்ட "இல்லை"ன்னுதான் சொல்லுவா. வார்டனுக்குச் சொன்ன அதே இல்லை. உனக்கு அது வேணுமா? எனக்கு மட்டும் பயம் இல்லாமயா இருக்கு? அவ படியிறங்கும்போதெல்லாம் நான் ஜன்னல்லதான் நிக்குறேன். இருந்தாலும் அவ இறங்கி வேலைக்குப் போறா. சாவிக்கடைக்காரர் பஸ் ஸ்டாப் வரைக்கும் துணைக்கு வர்றார். அவர் பேச்சு தாங்காம அவளே சீக்கிரம் தனியாப் போகப் பழகிடுவா.

உனக்கு ஒரு சேதி. அவ ஹாஸ்டலுக்குப் போய்த் துணிமணி எடுத்துட்டு வரும்போது அன்னிக்குத் தனக்கு அடுத்து பேட்டிக்குப் போன பொண்ணுகிட்ட, இங்க புகார் எழுதினதைச் சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணு பஸ் ஏறி எங்க ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுத்திருக்கா. பின்னாடியே இன்னொருத்தியும் வந்தா. மூணு பேர் சொன்ன அடையாளமும் ஒண்ணுதான். ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, வீட்டுல இல்லையாம், தேடிட்டு இருக்காங்க. எல்லாம் எங்க ஸ்டேஷன்ல எழுதினதால எங்க கணக்குலதான் ஏறுமாம். நாங்க இன்னும் மோசமான வட்டாரம் ஆகிட்டோம்டா, சந்தோஷமா?

உன் நம்பரைத் திரும்பப் போட்டுட்டேன். ஆனாலும் எழுது. எழுதினாதான் நீ மனுஷன் மாதிரிப் பேசுறே.

அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன்னு ஃபோன்ல சொன்னதோட சரி, இப்போதான் எழுத உக்கார்றேன். ஒரு டிக்கெட்தான் எடுத்தேன்னு பாப்பாகிட்ட காட்டினப்போ அவ அழுததை நீ பார்த்தே. ரயில் கெளம்பினதும் நான் அழுததை யாரும் பார்க்கல.

ஹாஸ்டல் விதியை மாத்திட்டாங்க. இனிமே தனி ரூம், கதவு சாத்தி, கேக்குறவங்களும் சொல்றவங்களும் மட்டும். ஆனா அது அடுத்த வருஷத்துக்கு. இந்த வருஷ ரிப்போர்ட் வந்துடுச்சு. என் மேசையிலதான் இருக்கு. மூணாம் வட்டாரம் முதல்ல. ஏழாம் வட்டாரம் கடைசியில, வழவழன்னு, தங்கம் மாதிரி. அவன் இன்னும் மாட்டலன்னு நேத்து நீ சொன்னதுலேர்ந்து எனக்கு மறுபடி சோறு எறங்கல. பட்டியல்லயே மோசமான எடத்துல என் பொண்ணை நானே விட்டுட்டு வந்திருக்கேன். ஆனா அவ இப்போ ராத்திரி ஃபோன் பண்ணா, "இன்னிக்குப் பஸ்ல ஒருத்தன் முறைச்சான்ப்பா, நான் திரும்ப முறைச்சேன்"ன்னு சொல்றா. கேக்கும்போது உசுரே போகுது. ஆனா சொல்றாளே, அது போதும்.

இதை எழுத உக்கார்ந்ததுக்குக் காரணம் வேற. எங்க கணக்குப் பிரிவுல ஒருத்தர் இருக்கார், நல்ல மனுஷன். அவர் பொண்ணுக்கு உங்க ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. டீ குடிக்கும்போது வந்து, "சார், உங்ககிட்டதான் பட்டியல் இருக்கே, எந்த ஏரியாவுல தங்க வைக்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னார். ரிப்போர்ட்டைத் திறந்து முதல் வரியில விரலை வெச்சேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "சார், நீங்ககூட ஜோக் அடிப்பீங்களா"ன்னுட்டு, கடைசி வரிக்குப் போய் ஏழாம் வட்டாரம்னு கையில குறிச்சுக்கிட்டார். அதே ஹாஸ்டல் பேரைச் சொன்னார். போர்டோட படம்கூட வெச்சிருந்தார்.

அவரை உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். பாப்பா பேரைச் சொல்லாம ஆரம்பிச்சேன், பாதியில சொல்லிட்டேன். நான் முடிச்சப்போ அவர் டீ ஆறிப்போயிருந்துச்சு. "அப்போ எந்த எண்ணைத்தான் சார் நம்புறது?"ன்னு கேட்டார். எண்ணைக் குடுக்கல, அக்கா, ஒரு விலாசத்தை எழுதிக் குடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச விலாசம் ஒண்ணே ஒண்ணுதான்.

அந்தப் பொண்ணு திங்கக்கிழமை ரயில் ஏறுறா. உன் மாடி ரூம்ல இன்னொரு கட்டில் போட எடம் இருக்குமா?

தம்பி